ஆறு புள்ளி இரண்டு கிலோமீட்டர்

மதியம் 2.05.

டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்த மெட்டில்டா, "சேசுவே!" என்று போட்ட கூச்சலில் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. பெட்டிக்குள் வண்டியின் கையேடு இருந்தது, துடைக்கிற துணி ஒன்று இருந்தது. நீல வெல்வெட் டப்பாவைக் காணோம்.

டப்பாவுக்குள் இருந்தது ஏழு சரம் முத்து. மெட்டில்டாவின் பூட்டன் காலத்தில் தூத்துக்குடிக் கடலில் முங்கி எடுத்த அசல் சிப்பி முத்து. அடுத்த வாரம் மகள் ஆனியின் கல்யாணம். நூல் நைந்துவிட்டதே, புதிதாகக் கோத்துவிடலாம் என்று மதியம்தான் பேங்க் லாக்கரிலிருந்து எடுத்து வந்திருந்தார். ஆசாரியை இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும். அதுவரை வண்டிக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டு மாடிக்குச் சாப்பிடப் போனார். வண்டியும் அவருடையது, ஷோரூமும் அவருடையது, பிறகென்ன பயம் என்று நினைத்திருக்கிறார்.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் ஜெஸ்லின். பத்து வருடமாகக் கார்களை ஓட்டிப் பார்த்து, குறை நிறை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. காலையிலிருந்து அவள் ஓட்டிக்கொண்டிருந்ததும் இதே வண்டிதான். எல்வாரா என்கிற ஐரோப்பியச் செடான். நடுத்தர அளவு, உள்ளே உட்கார்ந்தால் இறங்க மனசு வராத சொகுசு.

காலையில் துறைமுகச் சாலையின் உப்பு லாரிகளுக்கு நடுவே அதை விரட்டியபோது அவளுக்குச் சின்னப் பிள்ளையாகிவிட்ட சந்தோஷம். ஆறே நொடியில் நூறைத் தொட்டது. மேற்கத்திக் கச்சான் காற்று உப்பளத்து மேலிருந்து ஊளையிட்டு வீச, கண்ணாடியை ஏற்றினால் உள்ளே ஒரு சத்தம் இல்லை. வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு தட்டவில்லை. முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து இவள் லீவரைத் தட்ட, வைப்பர் எழுந்து ஆடியது. பக்கத்து சீட்டிலிருந்த டிரைவர் முஜாஹித் சிரித்துவிட்டான்.

"முத நாளு எல்லாருக்கும் இப்பிடித்தான் மேடம். பின்சீட்டப் பாத்தீங்களா? கால நீட்டித் தூங்கலாம்."

குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எண்களை எழுதாவிட்டால் ஜெஸ்லினுக்குச் சோறு இறங்காது. பதினொன்றரைக்கு வண்டியை விட்டபோது மைலேஜ் சோதனைக்கான டிரிப் மீட்டரில் 84.0. மாலையிலும் ஓட்ட வேண்டியிருந்ததால், "நடுவுல யார் எடுத்தாலும் கணக்கு எழுதிருங்க" என்று முஜாஹித்திடம் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது அவள் செய்த முதல் வேலை, குனிந்து அந்த மீட்டரைப் பார்த்ததுதான்.

"94.8. முஜாஹித், பேங்குக்குப் போயிட்டு வந்தப்போ எவ்வளவு?"

"88.6 மேடம். எழுதி சாவியோட சேத்து ஹால் பலகையில மாட்டினேன். பன்னெண்டே முக்கால்."

"அப்போ அதுக்கப்புறம் யாரோ ஆறு புள்ளி ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்காங்க."

மேனேஜர் கிருபாநிதி தொண்டையைச் செருமினார். ஒன்பது நாளைக்கு முன்னால்தான் வேலையில் சேர்ந்தவர், ஆனால் கறாரான மனிதர். வந்த மறுநாளே, எந்த நேரத்திலும் கேட்டைத் தாண்டிப் போகிற யாராக இருந்தாலும், தான் உட்பட, வாட்ச்மேனிடம் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவர்.

"மேடம், மறைச்சுப் பேச வேண்டாம். முத்து வண்டியில இருக்குன்னு நீங்க ஹால்ல வச்சு சொன்னப்போ இருந்தது நாங்க மூணு பேரு. நான், சேல்ஸ் டேவிட்சன், முஜாஹித். பேங்குக்குக் கூட வந்தது யாரு? சாவி கடைசியா யார் கையில இருந்துச்சு? கல்ஃப்ல நல்ல சம்பளத்த விட்டுட்டு ஒருத்தன் எதுக்கு இங்கன வந்து நிக்கான்? யோசிங்க."

முஜாஹித்தின் முகம் வெளுத்தது. காயல்பட்டினத்துக்காரன். எட்டு வருடம் துபாயில் லிமோசின் ஓட்டியவன். மகள் உம்மு ஹானி பிறந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் அவள் முகத்தையே பார்த்தான். இனி போகமாட்டேன் என்று மனைவி சம்சுன்னிசாவிடம் சத்தியம் செய்துவிட்டு, நாலு மாதம் முன்பு இந்த வேலையில் சேர்ந்தான். இன்று ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால் இங்கே வேலை போகும். அங்கே திரும்பிப் போகலாம் என்றாலும் விசா கிடைக்காது.

"மேடம், அல்லா மேல ஆணையா நான் எடுக்கல" என்றான்.

மெட்டில்டா அவனைப் பார்க்காமல் பேசினார். "மூணு மணி வரைக்கும் பாப்பேன். முத்து வந்திரணும். இல்லேன்னா போலீஸ். உன் பேரத்தான் குடுப்பேன் முஜாஹித்."

அதைச் சொன்னபோது சர்வீஸ் பிரிவு மெக்கானிக்குகள், வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஜெஸ்லினுக்குச் சுருக்கென்றது. கணக்கை எழுதச் சொன்னவுடன் அச்சுப் பிசகாமல் எழுதி வைத்த ஆள் இவன். திருட நினைத்தவன் அந்தச் சீட்டையல்லவா முதலில் கிழித்திருப்பான்?

"அக்கா, எனக்கும் மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க" என்றாள்.

2.15. வாட்ச்மேன் நல்லக்கண்ணு, கேட் அருகே.

"அண்ணாச்சி, வண்டி வெளிய போனதப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. சோத்துல கை வச்சிருந்தேன். டெஸ்ட் டிரைவுன்னு நெனச்சேன்."

"ஓட்டுனது யாரு?"

"வெள்ளச் சட்டை. இங்கன எல்லாருமே வெள்ளச் சட்டைதான?"

"வெளிய போற வண்டியச் சோதிப்பீங்களா?"

"மனுசன் பையத்தான் சோதிக்கச் சொல்லியிருக்காக. வண்டியச் சோதிக்கச் சொல்லல."

ஜெஸ்லின் தலையாட்டினாள். வண்டி எதற்குப் போனது என்பது விளங்கிவிட்டது. டப்பாவைப் பையில் வைத்து வெளியே கொண்டுபோக முடியாது. வண்டியில் கொண்டுபோகலாம்.

2.20. சேல்ஸ் பார்க்கும் டேவிட்சன். இரண்டு வருடமாக இந்தக் கம்பெனி வண்டிகளைத் தினமும் ஓட்டிக் காட்டி விற்கிறவன்.

"ஒரு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"டெலிவரி ரூம்ல சாப்ட்டேன். தனியா."

"இங்க எதுல வருவீங்க?"

"பைக்கு. அதா நிக்கி பாருங்க."

2.25. முஜாஹித்.

"ஒரு மணிக்கு?"

"டயர் ரூம்ல லுஹர் தொழுதேன் மேடம். யாரும் பாக்கல."

"எதுல வந்தீங்க?"

"பஸ்ஸு."

2.30. கிருபாநிதி.

"ஹெட் ஆபீஸ்காரங்க கூட போன் மீட்டிங். கதவச் சாத்திட்டுப் பேசிக்கிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம். இதெல்லாம் போலீஸ் கேக்க வேண்டியதும்மா."

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க எதுல வந்தீங்க?"

"என் வண்டி வெளிய சர்வீஸுக்கு விட்டிருக்கேன். பன்னெண்டு வருசம் லோக்கல் கம்பெனி வண்டிய வித்தவன், அதையேதான் ஓட்டுதேன். இன்னிக்கு ஆட்டோ. போதுமா?"

மூவருக்கும் சாட்சி இல்லை. ஜெஸ்லின் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

2.35. கேட் கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். 1.12க்கு வண்டி வெளியே வந்து இடது பக்கம் திரும்பியது. உச்சி வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தகதகக்க, உள்ளே வெள்ளைச் சட்டையின் தோள் மட்டும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. வைப்பர் இரண்டு முறை ஏறி இறங்கி நின்றது. 1.31க்கு வண்டி திரும்பி வந்தது. கேட்டுக்குள் வளைகிறபோதும் வைப்பர் ஒரு முறை ஆடியது. முகம் அப்போதும் தெரியவில்லை.

"நிறுத்திப் பெருசாக்குங்க" என்றார் மெட்டில்டா. பெரிதாக்கினால் வெளிச்சம்தான் பெரிதானது.

"டேவிட்சன், பேங்குக்குப் போயிட்டு வந்த பெறகு வண்டியக் கழுவினீங்களா?" என்று கேட்டாள் ஜெஸ்லின்.

"ஆமா மேடம், உங்க போட்டோவுக்காக. ஒரு மணிக்கு சர்வீஸ் பசங்க தொடச்சு முடிச்சு, கண்ணாடியில மூஞ்சி பாக்கலாம் போல வச்சிருந்தாங்க."

ஜெஸ்லின் பதிவை மறுபடி ஓட்டினாள். மூன்றாம் முறையும் ஓட்டினாள். அடிவயிற்றிலிருந்து ஒரு குதூகலம் கிளம்பி வந்தது. துள்ளிவிடக் கூடாதே என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு சோதனை. அதே கேமராவுக்கு முன்னால மூணு பேரும் வண்டிய ஓட்டணும். கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பி, ஒரு சுத்து சுத்தி உள்ள வரணும். தோள் உயரம் யாரோடது ஒத்துப்போகுதுன்னு பாப்போம்."

2.45. முதலில் டேவிட்சன். வண்டி கேட்டைத் தாண்டியது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது, அளந்து திரும்பினான், வந்தான்.

அடுத்தது முஜாஹித். சீட் பெல்ட்டை மாட்டவே இரண்டு தடவை முயன்றான். ஆனால் வண்டி நகர்ந்ததும் எட்டு வருடப் பழக்கம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. இண்டிகேட்டர் போட்டு, வழுக்கினாற்போல் திரும்பி வந்து நிறுத்தினான்.

கடைசியாகக் கிருபாநிதி. ஏறும்போதே சீட்டை நன்றாகக் கீழே இறக்கிக்கொண்டார். தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, ஆளே பாதியாகிவிட்டார். உடம்பு முழுக்க அத்தனை கவனம். கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினார்.

கொளுத்துகிற வெயிலில், வைப்பர் எழுந்து ஆடியது.

ஒரு முறை. இரண்டு முறை. அவசரமாக நின்றது.

"ஏளா, அதே மாதிரி!" என்று மெட்டில்டா ஜெஸ்லினின் கையைப் பிடித்தார்.

2.52. வண்டியிலிருந்து இறங்கிய கிருபாநிதி, "தோளு ஒத்துப்போகுதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தோளை விடுங்க சார், கை ஒத்துப்போகுது" என்றாள் ஜெஸ்லின். "முத்தை எடுத்தது நீங்க."

"என்னம்மா உளறுத?"

"அந்தப் பதிவுல எல்லாரும் முகத்தைத் தேடினோம். வைப்பரை யாருமே கண்டுக்கல. மழை இல்ல. அப்பத்தான் கழுவின கண்ணாடி, தூசியும் இல்ல. பெறகு எதுக்கு வைப்பர்? அதுவும் வண்டி திரும்புற நேரத்துல மட்டும்?" அவள் குரல் தன்னால் உயர்ந்தது. "நம்ம ஊரு கம்பெனி வண்டியில இண்டிகேட்டர் வலது கையில, வைப்பர் இடது கையில. இந்த ஐரோப்பா வண்டியில தலைகீழ். பழகாதவங்க திரும்பும்போது இண்டிகேட்டருன்னு வைப்பரத் தட்டிருவாங்க. காலையில நானே தட்டினேன். களவாண்டுட்டுப் போனாலும் திருப்பத்துல கை பழைய பழக்கத்துலதான் போகும்."

"அத முஜாஹித் செய்யக் கூடாதா?"

"அவர் செய்ய மாட்டார். துபாயில ஸ்டியரிங் இடது பக்கம், ஆனா இண்டிகேட்டர் இடது கையிலதான். எட்டு வருசம் அப்படி ஓட்டின கைக்கு இந்த வண்டி சொந்த வண்டி மாதிரி. டேவிட்சனுக்கும் ரெண்டு வருசப் பழக்கம். இங்க இந்த வண்டிக்குப் புதுசு நீங்க ஒருத்தர்தான். பன்னெண்டு வருசம் லோக்கல் வண்டி, இங்க ஒம்போது நாள்."

கிருபாநிதி சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

"பை சோதனையக் கொண்டுவந்ததே நீங்க. இன்னிக்குப் பாத்து முத்து கண்ணுல பட்டிருச்சு. பையில கொண்டுபோனா அண்ணாச்சி பாத்திருவார். உங்க வண்டி இங்க நின்னிருந்தா அதுல ஒளிச்சிருப்பீங்க, அது சர்வீஸ்ல இருக்கு. அதனால முத்தை உங்க வண்டிக்கே கொண்டுபோனீங்க. போக வர ஆறு புள்ளி ரெண்டு. ஒரு பக்கம் மூணு புள்ளி ஒண்ணு. எந்த ஒர்க்‌ஷாப் சார்?"

டேவிட்சன் முந்திக்கொண்டான். "மடத்தூர் பக்கம் மேடம். காலையில அங்கயிருந்து வர நான்தான் ஆட்டோக்காரர் நம்பரக் குடுத்தேன். மூணு கிலோமீட்டர் இருக்கும்."

கிருபாநிதி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்டெப்னிக்குக் கீழ இருக்கு" என்றார், தரையைப் பார்த்தபடி.

3.25. நீல டப்பா மெட்டில்டாவின் மடியில் இருந்தது. ஏழு சரத்தையும் எண்ணிப் பார்த்து அழுதார், சிரித்தார், மறுபடி எண்ணினார். கிருபாநிதியைப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. ஜெஸ்லினுக்கு உடம்பெல்லாம் இன்னும் பரபரத்துக்கொண்டிருந்தது. எல்வாராவை எடுத்துக்கொண்டு மணப்பாடு வரை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் போலிருந்தது.

மெட்டில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு முஜாஹித்திடம் சாவியை நீட்டினார். "எடுத்துக்கோ தம்பி. ஆசாரிகிட்டப் போயிட்டு வந்திருவோம்."

அவன் கையை நீட்டவில்லை.

"மேடம், போலீஸ்ல என் பேரக் குடுப்பேன்னு எல்லாரும் நிக்கையிலதான சொன்னீங்க?"

"ஆமாய்யா."

"அப்போ நான் எடுக்கலங்கிறதையும் எல்லாரும் நிக்கையில சொல்லுங்க."

மெட்டில்டா அவனை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு எழுந்தார். சர்வீஸ் பிரிவிலிருந்து மெக்கானிக்குகளைக் கூப்பிடச் சொன்னார். நல்லக்கண்ணுவை வரச் சொன்னார். கிளம்பப் போன அந்தக் குடும்பத்தையும் நிறுத்தினார். எல்லோரும் வந்து சேர்கிற வரை நின்றபடியே காத்திருந்தார்.

"முஜாஹித் எடுக்கல. விசாரிக்காம அவன் மேல கையக் காட்டினது நான். அது என் தப்பு. என்னை மன்னிச்சிரு தம்பி."

கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. முஜாஹித் இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டான்.

அவன் வண்டியின் கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. சம்சுன்னிசா. கலவரப்பட்டு இரண்டரை மணிக்கு இவன் அழைத்து, என்ன ஏது என்று சொல்லாமலே வைத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல புள்ள. பயப்படாத. வேலையில இருக்கேன்."

அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ, அவன் பின்புறத்துக் கண்ணாடியைச் சரி செய்தபடி அதையே திரும்பச் சொன்னான்.

"ஆமா, வேலையிலதான் இருக்கேன்."