மேலே போன குண்டு

அந்த ஓட்டை அத்தனை வட்டமாக இருந்ததுதான் தண்டாயுதபாணிக்குப் பிடிக்கவில்லை. சலவைப் பட்டறை வைத்திருப்பவனுக்குத் துணியில் ஓட்டை விழுவதெல்லாம் ஒரு சேதியா? முள் கிழிக்கும், எலி கடிக்கும், பிளீச்சிங் பவுடர் ஒரு கை கூடிப்போனால் துணி தானாகவே இற்றுப்போகும். ஆனால் பனியன் துணியில் ஒரு கண் அறுந்தால் ஓரம் பிரிந்து ஏணி ஏணியாக ஓடும். இது ஓடவில்லை. திருப்பூரில், நொய்யல் ஆற்றோரத்துக் கடைசிக் கொடியில், உச்சி வெயிலில் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துணியின் நடுவே சுண்டைக்காய் அளவுக்குச் சுத்தமாக நின்றது. மூக்கருகே கொண்டுபோனான். பவுடர் நெடி, வெந்த நூலின் வாசம், ஆற்றுச் சேற்றின் வாடை, இவை எல்லாவற்றுக்கும் அடியில், திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கோயில் வாசலில் அடிக்குமே, அந்த வேட்டு மருந்து வாடை.

"காயப் போடறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு முதலாளி," என்றான் களத்து ஆள் கருப்புசாமி. "என்ன எழவுன்னே தெரியலைங்க."

"சரி, சுருட்டி அந்தப் பக்கம் வையி. யாருகிட்டயும் சொல்லிக்காதே."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாடை கூடவே வந்தது.

வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. அது வந்த கதை சின்னதுதான். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை, கட்டில் பீரோவோடு அதையும் தள்ளிவிட்டுப் போனார். ஜெர்மனியில் செய்த பழைய வேட்டைத் துப்பாக்கி. குழல் உருண்டையாக இல்லாமல் எட்டுப் பட்டையாக இருக்கும். இரும்பில் ஒரு மான் செதுக்கியிருந்தது, திரும்பிப் பார்க்கிற மான். விசைக்கு அடியில் இருந்த பிடியைக் கீழே தள்ளினால் பின்வாய் திறக்கும், ஒரே ஒரு தோட்டா போடலாம், அவ்வளவுதான். நரிகள் வந்து களத்துத் துணியை இழுத்துக் கிழிக்கின்றன என்று எழுதிக் கொடுத்துக் கோயமுத்தூரில் லைசென்சும் வாங்கினான். வாங்கிய மகராசன் ஒரு நரியையாவது சுட்டானா? கூடத்துச் சுவரில் மாட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மானைக் காட்டிக்கொண்டிருந்தான். பெருமை, வேறென்ன!

சுட்டது ஒரே ஒரு தடவை. பிள்ளை இல்லாத வருஷங்களில் அவனும் மயிலாளும் ஏறாத மலை இல்லை. சிவன்மலைக்கும் பழனிக்கும் நடந்து நடந்து கால் தேய்ந்த பிறகு ஓர் ஆண்பிள்ளை. தாராபுரத்துத் தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பட்டறை வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சாமி புறப்பாட்டுக்கு வேட்டுப் போடுகிறோம், மாப்பிள்ளை அழைப்புக்கு வேட்டுப் போடுகிறோம், என் சாமியே ஊட்டுக்கு வந்திருக்கிறது, போடாமல் விடுவேனா? சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். வானத்தைப் பார்த்துப் பிடித்தான். தோளில் எருமை முட்டியதுபோல் ஓர் இடி. ஆற்றோரக் காக்கைகள் அத்தனையும் எழும்பிக் கத்தின. ஆரத்தித் தட்டு ஆடி மஞ்சள் நீர் சிந்தியது. எல்லோரும் சிரித்தார்கள்.

மயிலாள் மட்டும் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஏனுங்க, வேட்டுன்னா வெறும் சத்தமுங்க. இதுல குண்டு இருக்குமில்லீங்க? அது எங்கீங்க உழுந்துச்சு?"

"அது எங்கியோ போயிருச்சு. உள்ள போ புள்ள."

எங்கே போயிற்று? கூரை ஓடு ஒன்றும் உடையவில்லை. களத்தில் மண் தெறிக்கவில்லை. அன்றைக்கு அதை யார் யோசித்தார்கள்?

முதல் ஓட்டை விழுந்த மறுநாள், உச்சி நேரத்தில், அடுத்த கொடியில் ஓர் ஓட்டை. அதற்கு மறுநாள் அதற்கும் அடுத்த கொடியில். சத்தமே கிடையாது. காற்றே இல்லாத வெயிலில் ஒரு துணி மட்டும், ஈ உட்கார்ந்த மாட்டின் தோல்போல, இலேசாக உதறிக்கொள்ளும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஓரம் கருகி, இன்னும் சூடாக இருக்கும். ஆற்றிலிருந்து வீட்டைப் பார்த்து, நாளுக்கு ஒரு கொடியாக அது வந்துகொண்டிருந்தது.

ஆட்கள் சோற்றுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சுருட்டி வைத்திருந்த துணிகளை எடுத்துவந்து அந்தந்தக் கொடியில் பழையபடியே தொங்கவிட்டான். ஆற்றங்கரைக்குப் போய்க் குனிந்து முதல் ஓட்டையில் கண்ணை வைத்தான். ஓட்டைக்குள் ஓட்டை, அதற்குள் இன்னொன்று, வெள்ளை வெள்ளையாக, கோடு பிடித்தாற்போல் நேராகப் போயிற்று பார்வை. கடைசியில் கூடத்து ஜன்னல். ஜன்னலுக்குள் சேலைத் தொட்டில். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பாதம் ஆடி வந்து, அந்த வட்டத்துக்குள் நிறைந்து, ஆடிப் போயிற்று.

முருகா, முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

துணி வேகவைக்கும் கொப்பரையை மூடும் இரும்புத் தகட்டைத் தூக்கிவந்து கொடிக்குக் குறுக்கே நிறுத்தினான். மறுநாள் தகட்டிலும் ஓட்டை. துப்பாக்கியைக் கிணற்றில் போட்டான். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை. சுட்ட பிறகு துப்பாக்கியை வைத்துக்கொண்டிருந்தால் என்ன, தொலைத்தால் என்ன? களத்தில் இன்னும் இரண்டு கொடிகள்தான் மிச்சம் இருந்தபோது, மயிலாளையும் பிள்ளையையும் தாராபுரத்துக்கே அனுப்பிவிட முடிவு செய்தான்.

"வந்து நாலு நாள் நிம்மதியா இருக்கலைங்க, அதுக்குள்ள அம்மா ஊட்டுக்குப் போன்னா? நாங்க என்னங்க தப்புப் பண்ணுனோம்?" மயிலாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே துணி மூட்டை கட்டினாள்.

பாவி மனுஷன், சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தான்.

அவர்கள் போன மறுநாள் ஓட்டை விழவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெள்ளைத் துணிகள் ஒரு குறையும் இல்லாமல் காய்ந்தன. ஓட்டை விழத் தொடங்கியபிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான். விட்டது சனியன் என்று, விடிந்ததும் பிள்ளையைப் பார்க்கத் தாராபுரம் பஸ் ஏறினான்.

வழியில், குண்டடத்தில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். கடையின் ஓலைத் தட்டியில் வெயில் ஒரு பொட்டாக உள்ளே விழுந்து, பாய்லர்மேல் நின்றது. தண்டாயுதபாணி தட்டியைப் பார்த்தான். வட்டம். கருகிய ஓரம். அந்த வாடை.

"இது எப்பங்க ஆச்சு?"

"நேத்து உச்சிக்குங்க," என்றான் டீக்கடைக்காரன். "எந்தப் பயலோ பீடியில சுட்டுப்போட்டானாட்டமிருக்குது."

நின்று போகவில்லை அது. பிள்ளை போன திக்குக்குத் திரும்பியிருக்கிறது.

மிச்ச வழி முழுக்க அவன் பஸ்ஸில் உட்காரவேயில்லை. இறங்கி, செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, தெருவெல்லாம் ஓடினான். "வாங்க மாப்பிள்ளை" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த மாமியாரைத் தாண்டிக் கூடத்துக்குள் பாய்ந்தான். பிள்ளை தொட்டிலில் விழித்துக் கிடந்தான். அப்பனைக் கண்டதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். கூச்சநாச்சம் பார்க்காமல் தண்டாயுதபாணி அழுதுவிட்டான்.

எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? தாராபுரம் வரைக்கும் வழி தெரிந்து வந்ததற்கு வேறு எந்த ஊர் தெரியாது? வடக்கு ஜன்னலைச் சாத்தினான். வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். முக்காலியை இழுத்துப் போட்டு, முதுகு தொட்டிலில் உரசும்படி, திருப்பூர்த் திக்கைப் பார்த்து உட்கார்ந்தான். சுட்டவன் நான். என் நெஞ்சில் படட்டும். அதோடு முடியட்டும். பிள்ளையை விட்டுவிடு.

வெயில் ஏறியது. அடுப்படியில் பருப்பு கொதித்தது. உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் கயிறு கிறீச் கிறீச்சென்றது. பிள்ளை தனக்குத்தானே என்னவோ பேசிக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு நாய் குரைத்தது. நின்றது.

பருப்பின் கொதி அடங்கியது.

உச்சி நேரம் வந்தது.

ஒன்றும் இல்லை.

மயிலாள் மோர்ச் சொம்போடு அடுப்படியிலிருந்து வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை.

"ஏனுங்க... உங்க சட்டையில என்னங்க அது?"

குனிந்து பார்த்தான். இடது மார்பில். வட்டம். ரத்தம் இல்லை. வலி இல்லை. சில்லென்ற காற்று மட்டும் அது வழியாக உள்ளே போய், முதுகுப் பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

கிறீச் சத்தம் நின்றிருந்தது.

அவன் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுபோனான். தொட்டில் சேலை. அதன் மடிப்பு. மடிப்பில் கருகிய ஓரம். சுண்டுவிரல் தானாக உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அதைப் பிடித்துக்கொண்டது.

"கண்ணு தூங்குதுங்களா?"

"தூங்குது புள்ள," என்றான் தண்டாயுதபாணி. "நீ கிட்ட வராதே. அங்கயே இரு."

பிடி விடவில்லை. அந்தச் சின்னக் கையின் சூடுதான், கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுக்கொண்டிருந்தது.