நாவிலியின் கழுத்து

கம்பளியில் ஈரமண் வாசனை அடித்தது. கொரின் ஊசியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். ஏரிக்கரை வரைக்கும் தரை பாறையாய் உறைந்து கிடக்கிற டுலூத் நகரில், ஜனவரியில், ஈரமண் எங்கிருந்து வரும்?

"எங்கடா போய் உருண்டுட்டு வந்தே?"

எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த கணவன் வெண்டெல் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். இலையுதிர் காலம் முழுக்க அவள் பின்னிய சாம்பல்நிறக் கம்பளி உடை அவனைத் தலைமுதல் கால்வரை மூடியிருந்தது. இருவருக்கும் பைத்தியமாய்ப் பிடித்த தொலைக்காட்சித் தொடரில் வரும் நாவிலி அது. பனிக்குகைகளில் வாழும், முகமும் பேச்சும் இல்லாத பிராணி. ரசிகர் மாநாட்டின் வேடப்போட்டியில் போன வருடம் யாரோ ஒரு விண்வெளி வீரனிடம் தோற்ற ஆத்திரம் கொரினுக்கு இன்னும் ஆறவில்லை. வெண்டெலுக்கோ வெற்றி தோல்வியெல்லாம் பொருட்டில்லை, உடையை மாட்டிவிட்டால் வேடம் கலையக்கூடாது. அவர்கள் முதன்முதலில் பழகியதே அப்படித்தான். ஒரு மாநாட்டு வரிசையில் முன்னால் ஊமை அரக்கன் வேடத்தில் நின்றவன், காபி குடிக்க வருகிறாயா என்று சைகையாலேயே அவளிடம் கேட்டான்; அவன்தான் வெண்டெல்.

இன்று மதியத்தோடு வேலையிலிருந்து வந்துவிடுவதாக வெண்டெல் சொல்லியிருந்தான். பின்கதவுச் சத்தம் கேட்டதும், "உடுப்பு கீழே காயுது, மாட்டிக்கிட்டு மேல வா!" என்று சமையலறையிலிருந்தே கத்தினாள். வெகுநேரம் கழித்து நிலவறைப் படிகள் ஒவ்வொன்றாய் முனகின. வந்து உட்கார்ந்தான்.

மிச்சம் கழுத்து மட்டும்தான். உடையை ஆள்மேல் வைத்தே, தலைக்கும் உடலுக்கும் நடுவே கண்ணி கண்ணியாய்க் கோத்தால்தான் இணைப்பு தெரியாது. வெளியே பொழுது அதற்குள் மங்கி, பனி ஜன்னலின் கீழ்ப்பாதியை விழுங்கிக்கொண்டிருக்க, சுவருக்குள் வெந்நீர்க் குழாய்கள் டிக் டிக்கென்று சூடேற, அவள் விரல்களின்மேல் அவனுடைய மூச்சு ஈரமாய், வெதுவெதுப்பாய், நிதானமாய்ப் பட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சு தன் மூச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

மூச்சை அடக்கினாள். அதுவும் அடங்கியது.

"ஏய், விளையாடாதே. நிஜமாவே பயமாயிருக்கு."

மடிமேல் கிடந்த கைகள் லேசாய் மடங்கின. நாவிலிக்கு முழ நீள விரல்கள். நுனிகளுக்கு அவள் இன்னும் பஞ்சு அடைக்கவில்லை. வெண்டெலின் விரல் பாதிகூட எட்டாது. ஆனால் மடங்கியது நுனி.

கைபேசி அடித்தது. ஆள்காட்டி விரலில் நூல் சுற்றியிருந்ததால் மற்றக் கையால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கொரின், கோவிச்சுக்காதம்மா," என்றது வெண்டெலின் குரல். பின்னால் காற்று இரைந்தது. "கார் பள்ளத்துல இறங்கிடுச்சு. இழுவை வண்டிக்காகப் பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன். எப்ப வந்து சேருவேன்னு தெரியல. கழுத்து வேலைய நாளைக்கிப் பாத்துக்கலாமா?"

அவள் கண்கள் முக்காலிக்குத் திரும்பின.

முக்காலியில் இருந்தது அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

அது மெல்ல மோவாயைத் தூக்கிக் காட்டியது. அவளுக்கு வசதியாக. கோக்காமல் விட்ட இடைவெளி விரிந்தது. விளக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது.

கழுத்து இல்லை. தோள் இல்லை. அவள் பின்னிய கண்ணிகளின் உட்புறம் மட்டும், இடுப்பு வரை, வெற்றாக. அந்த வெறுமைக்குள்ளிருந்து வெதுவெதுவென்று மூச்சு.

பின்வாங்கினாள். விரலில் நூல் இறுகியது. பல்லால் கடித்தாள். அறவில்லை.

நீண்ட விரல்கள் நூலைப் பற்றின. இழுத்தன. அவசரமில்லாமல். ஒரு பிடி. இன்னொரு பிடி.

"என்னடி, கோவமா?" வெண்டெல் சிரித்தான். "பேசவே மாட்டியா? நீயும் நாவிலி ஆயிட்டியா?"

அவள் விரல் இடைவெளிக்குள் போயிற்று. பிறகு மணிக்கட்டு. முழங்கை. சுற்றிலும் கண்ணிகள், ஒன்றன்பின் ஒன்றாக, தாமாகவே மூடிக்கொண்டு வந்தன.