செண்பகவல்லியின் கூவல்

காலைச் சங்கு ஊதியதும் வாங்கிகள் ஊர்ந்து வரத் தொடங்கின.

நிலவில் இருக்கும் புதுக்குளம் என்ற குடியிருப்புக் குமிழில் வீட்டுக்கு ஒரு வாங்கி உண்டு. சின்னப் பூசணிக்காய் அளவில், கூரைத் தண்டவாளத்தில் தொங்கியபடி வரும் இயந்திரம் அது. அரிசியோ அண்டாவோ, அந்த வீட்டுக்கு வேண்டியதை யாரிடம் வாங்குவது என்று அதுதான் முடிவு செய்யும். மனிதர் காதில் விளம்பரம் விழச் செய்வது நிலவில் குற்றம். பூமியில் விளம்பரம் பார்த்தே பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு வந்த முதல் குடியேறிகள் கொண்டுவந்த சட்டம். ஆகவே வியாபாரிகள் தினமும் காலையில் கூவல் கூடத்தில் வரிசையாக நின்று, தலைக்கு மேல் தொங்கும் இயந்திரங்களை அண்ணாந்து பார்த்துத் தங்கள் சரக்கின் அருமை பெருமைகளைக் கூவினார்கள். கூவல் பிடித்திருந்தால் வாங்கியின் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். பிடிக்காவிட்டால் ஒன்றும் எரியாது. இயந்திரத்திடம் போய்ப் பல்லைக் காட்டுகிறோமே என்ற வெட்கமெல்லாம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

செண்பகவல்லியின் முறை வந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கையில் ஒரு ஜோடி எடைச்செருப்பு.

எடைச்செருப்பு இல்லாமல் நிலவில் குடும்பம் நடத்த முடியாது. அங்கே எதற்குமே பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு கனம்தான். அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் காபி கொண்டுவரும் ஆள், கொஞ்சம் வேகமாகக் கால் வைத்தால் கூரையில் தலை இடித்துக்கொள்வார். காபி அதற்கு முன்பே அங்கே போயிருக்கும். அதனால் அடியில் இரும்புத் தூள் நிரப்பிய செருப்பு போட்டுக்கொண்டு நடப்பார்கள். தூள் குறைந்தால் துள்ளும், கூடினால் முழங்கால் போய்விடும். செண்பகவல்லி அதைத்தான் செய்து விற்றாள். வருகிறவர்களைக் கடை முன்னால் இருக்கும் நடைபாதையில் நடக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தைக் கேட்பாள். பிறகு அடிப்பகுதியைத் திறந்து ஒரு சிட்டிகை தூளைப் போடுவாள், அல்லது எடுப்பாள். மறுபடியும் நடக்கச் சொல்வாள். அவள் மனசுக்கு ஒப்பும்வரை அவர்களை விடமாட்டாள்.

செருப்பு நல்ல செருப்பு. கூவல்தான் வரவில்லை.

"செருப்பு... நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கேன்," என்றாள் அன்றைக்கும். "எல்லாக் காலுக்கும் ஒண்ணுபோலச் சேராது. நடந்து பாத்துத்தான்..."

ஒரு விளக்குகூட எரியவில்லை. அடுத்து நின்ற கனகசுந்தரம் நெஞ்சை நிமிர்த்தி, தன்னுடைய 'கம்பீரா' எடைச்செருப்பு போட்ட நிமிஷமே பொருந்தும் என்றும், நிலவிலேயே இதற்கு ஈடு கிடையாது என்றும் முழங்கினார். கூரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. கனகசுந்தரம் தன் சரக்கை ஒருநாளும் காலில் மாட்டிப் பார்த்தவரல்லர். அவர் போட்டிருந்தது செண்பகவல்லியின் செருப்பு. தன் வேலைக்காரர் பெயரில் ரகசியமாக வாங்கிக்கொண்டது.

வாங்கிகள் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. மனிதர்கள் முன்னூறு வருஷமாக எப்படிப் பொருள் வாங்கினார்கள் என்பதைப் படித்துத்தான் அவை வாங்கவே கற்றுக்கொண்டன. படித்ததில் அவற்றுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: குரல் நடுங்காத ஆளிடம்தான் மனிதர்கள் வாங்கியிருக்கிறார்கள். இயந்திரங்களும் அப்படியே செய்தன.

செண்பகவல்லி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பருவ முடிவில் தொழில் அதிகாரி வருவார். ஓடாத கடைக்குச் சான்று கிடையாது, சான்று இல்லாதவருக்கு நிலவில் இடம் கிடையாது. கணவன் சங்கரபாண்டி தென்துருவத்துப் பனிச் சுரங்கத்தில் ஒப்பந்தத்தில் இருந்தான்; அது முடியாமல் அவனால் கிளம்ப முடியாது. திரும்பிப் போனால் அவள் மட்டும்தான் போகவேண்டும், கோவில்பட்டிக்கு. அதுவும் இத்தனை வருஷம் லேசாகவே நடந்து பழகிய கால்களை வைத்துக்கொண்டு. அவனை விட்டுவிட்டுப் போவதை நினைத்தாலே அவளுக்குக் கை வேலை ஓடவில்லை. ஒரே செருப்பைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்துகொண்டிருந்தாள்.

நாத்தனார் இந்துராணிக்குப் பொறுமை போய்விட்டது. அவள் பக்கத்துக் குமிழில் காய்கறித் தோட்டம் வைத்து நன்றாகவே பிழைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நீங்களே இழுத்து இழுத்துப் பேசினா அந்த மிஷினு எதை நம்பி வாங்கும்? நம்ம சரக்கு மேல நமக்கே நம்பிக்கை வேண்டாமா?"

"நம்பிக்கை இருக்கு. ஆனா கால் அவங்களுதுல்லா? நான் எப்பிடி அடிச்சுச் சொல்ல?"

"எல்லாரும் சொல்லுதாங்கள்ல. நீங்களும் சொல்லுங்க."

இந்துராணி அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்த் தியாகேஷின் நெஞ்சுரப் பயிலகத்தில் சேர்த்துவிட்டாள். சிறு வியாபாரிகளுக்குத் தன்னம்பிக்கை கற்றுத்தருவதாகச் சொல்லும் இடம். தியாகேஷ் எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். அவர் பேசுவதைக் கேட்டால் பிறந்ததிலிருந்தே எதிலும் சந்தேகம் வராதவர் என்று தோன்றும். கண்ணாடி முன்னால் நின்று "என் செருப்பே செருப்பு" என்று சொல்லச் சொன்னார். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியில் இருந்தவளுக்கும் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. பல நாள் போராடிப் பார்த்துவிட்டு, அவள் கழுத்தில் அவர் ஒரு குரல்பட்டையைக் கட்டிவிட்டார். தொண்டையில் நடுக்கம் எழும்பும்போதே பிடித்து அமுக்கிவிடும் கருவி அது. சொல்ல வந்ததைச் சொல்ல விடும். தயக்கத்தை மட்டும் விழுங்கிவிடும்.

பட்டையோடு அவள் கூவினாள். போட்டதும் பொருந்தும் என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே திக்கென்றது. மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை எரிந்தது.

செருப்புகள் போயின. ஆட்கள்தான் வரவில்லை. போட்டதும் பொருந்தும் என்று சொல்லிவிட்ட பிறகு கடைக்கு வந்து நடந்து காட்ட யாருக்கு என்ன தலையெழுத்து? காலடிச் சத்தம் கேட்காமல் செருப்பை அனுப்பிவிட்டு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் வீட்டில் யார் கூரையில் முட்டிக்கொள்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டு நடைபாதையில் போகிறவர் வருகிறவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகசுந்தரத்துக்கு அந்தக் கவலையே கிடையாது. அவருடைய செருப்புகள் திரும்பி வந்தால் புதுப் பெட்டியில் போட்டு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பருவ முடிவுக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. செருப்பை மேஜையில் வைத்துவிட்டு, போட்டதும் பொருந்தும் என்று சொன்னீர்களாமே என்று மட்டும் கேட்டாள். செண்பகவல்லிக்கு அங்கேயே உயிர் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. டீச்சரை நடக்கச் சொல்லி, கேட்டு, தூளை எடுத்துச் சரிசெய்து கொடுத்தாள். கழுத்துப் பட்டையையும் கழற்றி மேஜைக்கு உள்ளே போட்டாள்.

மறுநாள் கூவல் கூடத்தில் அவள் வெறும் கழுத்தோடு நின்றாள். சான்று போவதென்றால் போகட்டும் என்று முடிவு கட்டியிருந்தாள். குரல் நடுங்கியது.

"இந்தச் செருப்பு உங்க வீட்டாளுக்குச் சேருமான்னு எனக்குத் தெரியாது," என்றாள். "வந்து நடந்து காட்டச் சொல்லுங்க. சேருற வரைக்கும் சரிபண்ணித் தாரேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

கூரை முழுக்கப் பச்சை எரிந்தது. செண்பகவல்லி திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

விஷயம் இதுதான். அந்த வாரம்தான் குமிழின் வாங்கிகள் எல்லாம் சேர்ந்து, திரும்பி வந்த பொருள்களின் கணக்கைக் கூவல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து முடித்திருந்தன. எவ்வளவு திடமாகக் கூவினார்களோ அவ்வளவு சரக்கு திரும்பியிருந்தது. வெட்கமறியாத இயந்திரங்கள், முன்னூறு வருஷத்துப் பாடத்தை அழித்துவிட்டுப் புதுப்பாடத்தை எழுதிக்கொண்டன. தயங்குகிறவரிடம் வாங்கு. கூடம் முழுவதிலும் தேடினால் அன்றைக்குத் தயங்கியவள் அவள் ஒருத்திதான்.

பிறகு அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. நடைபாதையில் எந்நேரமும் யாராவது நடந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், அடுத்த பருவத்துக்குச் சான்று கொடுத்தார். போகிற போக்கில் அவரும் ஒரு தடவை நடந்து காட்டிவிட்டுப் போனார். சங்கரபாண்டியிடம் பேசும்போது அவள் அழுதுவிட்டாள். அவன் சந்தோஷத்தில் சத்தம் போட்டுச் சிரித்தான். டீச்சர் தன் பள்ளிக்கூடத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் வலி போச்சு என்றார்கள், குழந்தை முட்டிக்கொள்வதே இல்லை என்றார்கள். கேட்கக் கேட்க செண்பகவல்லியின் மனசில் என்னவோ இறுகி உட்கார்ந்தது. தன் செருப்பு நல்ல செருப்பு என்று முதல்முறையாக, யாரும் கண்ணாடி முன்னால் நிறுத்தாமலே, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மற்ற வியாபாரிகள் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்? கொஞ்ச நாளிலேயே கூவல் கூடம் திக்குவாய்க் கூடமாகிவிட்டது. பாத்திரக்காரர் வார்த்தைக்கு வார்த்தை எச்சில் விழுங்கினார். எண்ணெய்க்காரி கூவலின் பாதியில் நிறுத்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கனகசுந்தரம் தன் சரக்கின் பெயரையே மாற்றி 'ஒருவேளை' எடைச்செருப்பு என்று வைத்துவிட்டார். "இது... எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல... ஒருவேளை உங்களுக்குச் சேரலாம்," என்று அவர் தழுதழுத்தபோது, விவரம் தெரிந்தவர்களுக்கே கண் கலங்கியது. பெட்டிக்குள் அதே பழைய 'கம்பீரா'.

செண்பகவல்லியின் முறை வந்தது. "வந்து நடந்து காட்டுங்க, சரியாப் பொருத்தித் தாரேன். என் செருப்பு நல்ல செருப்பு," என்றாள். குரலில் துளி நடுக்கமில்லை. உண்மையைச் சொல்கிறவளுக்கு எதற்கு நடுக்கம்?

ஒரு விளக்கும் எரியவில்லை. அடுத்த நாளும் எரியவில்லை. வாங்கிகளுக்குக் காது உண்டு, கால் கிடையாது. 'ஒருவேளை'யின் லட்சணம் அவற்றுக்குத் தெரியவர இன்னும் எத்தனையோ செருப்பு திரும்பி வரவேண்டும். அதற்குள் இந்தப் பருவமும் முடிந்துவிடும்.

வேறு வழியில்லாமல் அவள் மறுபடி தியாகேஷிடம் போனாள். பயிலகத்தின் பெயர்ப்பலகை மாறியிருந்தது. அதே கண்ணாடி முன்னால் இப்போது பத்துப் பேர் நின்று தடுமாறப் பழகிக்கொண்டிருந்தார்கள். முன்பு நெஞ்சை நிமிர்த்தச் சொன்ன தியாகேஷ், தோளைத் தொங்கவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளையும் கூவிக் காட்டச் சொன்னார். அவள் பழைய நாட்களை நினைத்து, இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினாள். தியாகேஷ் உதட்டைப் பிதுக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க தயக்கம் நம்புற மாதிரி இல்லை. இயல்பா வரணும். பட்டை கட்டிக்கிட்டாத்தான் சரிப்படும்."

பழைய பட்டை நடுக்கத்தை அமுக்கும். இப்போது வேண்டியது நடுக்கத்தைக் கொடுக்கும் பட்டை. வாங்கியிடம் விட்டால் நாளாகும் என்று அவளே கீழ்த்தளத்துக் கருவிக் கடைத்தெருவுக்குப் போனாள். மனிதர் காதில் கூவுவதுதான் குற்றம், கடைக்கு வந்து கேட்கிறவருக்குப் பதில் சொல்வது குற்றமில்லை. எதிரெதிராக இரண்டு கடைகள். முதல் கடையில் ஒரு பெண், பட்டை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எதையோ சரிசெய்துகொண்டிருந்தாள். இது நன்றாக வேலை செய்யுமா என்று செண்பகவல்லி கேட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து யோசித்தாள்.

"ஒவ்வொரு தொண்டை ஒவ்வொரு மாதிரிக்கா. உங்களுக்குச் சேருமான்னு உடனே சொல்ல முடியாது. கட்டிக்கிட்டுக் கொஞ்சம் பேசிக் காட்டுங்க, கேட்டுப் பாத்துச் சரிபண்ணித் தாரேன்."

செண்பகவல்லிக்குச் சப்பென்று போய்விட்டது. அவளுக்கு இருந்த அவசரம் அப்படி. எதிர்க்கடைக்குப் போனாள். அங்கே நின்ற ஆள் அவள் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பட்டையை எடுத்து மேஜையில் பட்டென்று வைத்தான்.

"இதை அடிச்சுக்க ஆளே கிடையாதுக்கா. கட்டின நிமிஷமே நடுங்கும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க, நான் சொல்லுதேன்."

அவன் குரலில் இருந்த திடத்தைக் கேட்டதும்தான் அவளுக்குப் போன உயிர் வந்தது. எதிர்க்கடைப் பெண்ணை நினைத்து ஒருகணம் பரிதாபப்படவும் செய்தாள். தன் சரக்கு மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல் அந்தப் பெண் எப்படித்தான் பிழைக்கப் போகிறாளோ.

பட்டையை அவள் கட்டிப் பார்க்கக்கூட இல்லை. பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, நிம்மதியாக வீட்டுக்கு நடந்தாள்.