பிளாஷ் போடாத கல்யாணம்

கருவாட்டு வாணலியை பசிட்டா அம்மாள் அடுப்பில் வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்குக் காலைச் சாப்பாடு யார் தொண்டையிலும் இறங்கப்போவதில்லை என்று.

"கேட்டியா ஏமில்? உன் பொண்டாட்டி மெழுகுவத்தி ஏத்த மாட்டாளாம்! நாளைக்கு உன் தங்கச்சிக்குக் கல்யாணம்... இன்னைக்கு வந்து சொல்றா!"

ஏமில் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"என் மேல ஏதாவது கோபமா அண்ணி?" என்று கேட்டாள் கல்யாணப் பெண் ஜோவெலின்.

"ஐயோ, உன் மேல எனக்கென்னடி கோபம்!" கிளாரிட்டாவுக்கு அழுகை முட்டியது. கோயிலில் மணமக்களுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றும் கௌரவத்துக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்பவள் இந்த இலோய்லோ ஊர் முழுக்கத் தேடினாலும் உண்டா? "கேமரா வேலை இருக்கு... அதான்..."

"கேமரா! மாசம் பூரா இதே பாட்டு!" பசிட்டா கரண்டியை ஆட்டினாள். "சந்தையில மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பாக்கிற மாதிரி ஒவ்வொண்ணா வாங்கிட்டு வர்றா, திருப்பிக் குடுக்கறா! இது கனமாம்... அது இருட்டுல புள்ளி புள்ளியா அடிக்குதாம்! படம் எடுக்கிறவன் என் மகன். இவளுக்கு எதுக்கு இந்த வேலை?"

எதுக்கு என்று கிளாரிட்டா எப்படிச் சொல்வாள்? கொஞ்ச நாளாக ஏமிலின் வலது கை நடுங்குகிறது. வெயிலில் எடுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கற்கோயிலுக்குள் பாதிரியார் பிளாஷ் போட விடமாட்டார். இருட்டில் கேமரா கண்ணைக் கொஞ்சம் அதிகநேரம் திறந்து வைக்கவேண்டும். அப்போது கை நடுங்கினால் மணப்பெண் முகம் கஞ்சியாகக் குழைந்துவிடும். நடுக்கத்தைத் தாங்கும் என்று கடைக்காரன் சத்தியம் செய்த கேமராக்களும் ஏமிலின் கைக்குத் தோற்றுவிட்டன. கடைசியில் தன் கைக்கு அடங்கும் ஒன்றை, மெழுகுவத்தி வெளிச்சமே போதும் என்கிற லென்ஸோடு, அவளே தேர்ந்தெடுத்தாள். படமும் அவள்தான் எடுக்கவேண்டும்.

பசிட்டாவின் கல்யாணமும் அதே கோயிலில்தான். எடுத்த படமெல்லாம் கருப்பு! மகள் மெழுகுவத்தி முன் நிற்கும் ஒரு படமாவது வேண்டுமென்று மாமியார் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்!

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே... அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்று ஏமில் சத்தியம் வாங்கியிருந்தான்.

"நாத்தனார் கல்யாணத்துல ஒரு திரி ஏத்த மனசில்லாதவ, நீ இந்த வீட்டுப் பொண்ணே இல்ல!" என்று பசிட்டா மருமகளைப் பார்த்துக் கத்தினாள்.

கோப்பை டமாரென்று மேசையில் இறங்கியது.

"போதும்மா! அவளை ஒண்ணும் சொல்லாதே!" ஏமில் கையை நீட்டினான். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. "இதை மறைக்கத்தான் அவ உன்கிட்ட இத்தனை பேச்சும் கேக்கறா..."

கருவாடு கருகியது. யாரும் கவனிக்கவில்லை. பசிட்டா மெல்ல வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மடையா! உங்கப்பாவுக்குத் தினம் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவடா நான்... என்கிட்டயா கையை மறைக்கிற?" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லக்கூடாது? வாயில என்ன கொழுக்கட்டையா? வாடி இங்க!"

கிளாரிட்டா மாமியாரின் தோளில் விழுந்து அழுதாள்.

"அப்ப மெழுகுவத்தி?" என்றாள் ஜோவெலின், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"உங்கண்ணன் ஏத்துவான்."

"அம்மா, எனக்குக் கை..."

"என் கை எதுக்கு இருக்கு?"

மறுநாள் கோயிலில் பசிட்டா மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, சுடர் இரண்டு தரம் தள்ளாடி, மூன்றாவது தரம் திரியைப் பற்றியது. கிளாரிட்டா கேமராப் பொத்தானை அழுத்தினாள்.

பூசை முடிந்ததும் பசிட்டா கேமராவுக்குள் எட்டிப் பார்த்தாள். மகள், மகன், மருமகன், சுடர்... எல்லாம் துல்லியம்!

"எனக்கு ஏன்டி தாடை ரெண்டா இருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் மறுபடி பார்த்தாள். "நீ எங்க இதுல?"

"நான்தானே எடுத்தேன் அத்தை..."

"குடு இப்படி!"

பையிலிருந்து ஒரு புது மெழுகுவத்தியை எடுத்து மருமகள் கையில் திணித்து, பீடத்தின் முன் நிறுத்தி, "ஏத்துடி!" என்று அதட்டிவிட்டு, கண்ணைச் சுருக்கி அழுத்தினாள்.

கிளாரிட்டா அழுதுகொண்டே சிரிக்கும் அந்தப் படம்தான் இன்று கூடத்தில் தொங்குகிறது. படம் கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்திருக்கிறது. மருமகள் நேராகத் தெரியவேண்டுமென்று பசிட்டா அம்மாள் சட்டத்தையே சாய்த்து மாட்டியிருக்கிறாள்.