அசையாத நாய்கள்

இறைச்சியை நாய்கள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சுவக்கீனுக்கு இது புதிது. வண்டிப்பெரியாரில் ஸ்டூடியோ போட்டதிலிருந்து எத்தனையோ துரைமார் வீட்டு நாய்களைப் படம் பிடித்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். லென்சுக்கு மேலே ஒரு துண்டு மாட்டிறைச்சியைத் தொங்கவிட்டு, நாக்கை மடக்கி அணில் போலக் கத்த வேண்டும். காது நிமிரும், கண் லென்சுக்கு வரும். அந்த நொடியில் லென்சைத் திறக்கும் ரப்பர் பந்தை அமுக்கிவிடலாம். இந்த நான்கு நாய்களோ புல்வெளியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, பூட்டிக் கிடந்த பங்களாவின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"உன் அணில் சத்தத்துக்கு அணிலே வராது மாப்ள," என்றார் யாக்கோபு.

யாக்கோபு அவனுடைய அக்கா இன்பமேரியின் புருஷன். எஸ்டேட்டில் நாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. நாய்களின் எஜமானான பழைய துரை போன மாதம் காய்ச்சலில் செத்துப்போனார். வரப்போகிற புது மேனேஜருக்கு நாய் ஆகாது. சுட்டுத் தள்ளச் சொல்லிவிட்டார். கொல்லங்கோட்டில் ஒரு பணக்கார வீட்டார் மட்டும், ஒழுங்காக உட்காரும் நாய்கள்தானா என்று படம் அனுப்பிக் காட்டினால் நாய்களையும் ஆளையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். படம் சரியாக விழாவிட்டால் நாய்களுக்குக் குண்டு. யாக்கோபுக்கு வேலை போகும். நிறைமாத வயிற்றோடு இன்பமேரி எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எடுத்த படங்களிலெல்லாம் நாய்கள் அசைந்துவிட்டன. பையில் மிச்சமிருந்தது படம் விழும் கண்ணாடி பிளேட் ஒன்றே ஒன்று. தேயிலைச் சரிவிலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது.

"துரை இதுகள எப்படி உக்கார வச்சாரு மச்சான்?"

யாக்கோபு பங்களாக் கதவைப் பார்த்தார். "அவரு இருந்தா உக்காரும்."

"அவரு கோட்டு ஏதாவது உள்ள இருக்கா? நாற்காலில போட்டா போதும். வாசத்துக்குப் பாசமா வந்து உக்காந்துரும்."

"பாசமா." யாக்கோபு சிரிக்கப் பார்த்தார். அவர் கை பின்கழுத்துக்குப் போயிற்று. அங்கே நீளநீளமாகத் தழும்புகள் இருந்தன. தேயிலைச் செடி வெட்டும் கவாத்தில் கிளை கீறியது என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். "வேண்டாம் மாப்ள. அந்தக் கோட்டத் தொட வேண்டாம்."

"அப்ப அக்காவ எங்க கூட்டிட்டுப் போவீங்க? அதச் சொல்லுங்க."

யாக்கோபு சாவியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது, துரையின் பைப் புகையிலை வாசமடித்த கோட்டை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். புல்வெளியின் நடுவில் கிடந்த பிரம்பு நாற்காலியில் அதைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டார்.

நாய்கள் நடப்பதை நிறுத்தின. ஒன்று நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது.

சுவக்கீன் கேமராவுக்குப் பின்னால் போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான். உள்ளே அவன் மூச்சின் வெக்கை, துணியின் பழைய வேர்வை நாற்றம், அதற்கடியில் இதற்கு முன் அங்கே இல்லாத பைப் புகையிலை வாசம். கேமராவின் மங்கலான கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன: மேலே புல், கீழே வானம், கூரையில் ஒட்டிய வௌவால்போல நாற்காலி, அதைச் சுற்றி நான்கு நாய்கள். லென்சை முன்னும் பின்னும் நகர்த்திப் படத்தைக் கூர்மையாக்கினான்.

யாரோ விரலைச் சொடுக்கினார்கள்.

முதல் நாய் உட்கார்ந்தது. பிறகு அடுத்தது. நான்கும் நாற்காலியின் ஒரு பக்கமாக ஒரே வரிசையில் உட்கார்ந்தன. முன்னங்கால்கள் சேர்ந்திருந்தன. மோவாய்கள் ஒரே உயரத்தில் நின்றன. அப்படி ஒரு வரிசையை அவன் எந்தப் பங்களாவிலும் பார்த்ததில்லை.

"போதும் மச்சான். இனிச் சொடுக்காதீங்க."

"நான் சொடுக்கல மாப்ள." யாக்கோபின் குரல் இடதுபக்கத்திலிருந்து சன்னமாக வந்தது.

மறுபடியும் சொடுக்கு.

கண்ணாடியில் யாக்கோபின் கால்கள் நுழைந்தன. அவர் வரிசையின் கடைசிக்குப் போய்க் குந்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றினார். மோவாயை நிமிர்த்தினார்.

"விளையாடாதீங்க மச்சான். படத்துல விழுறீங்க. தள்ளிப் போங்க."

யாக்கோபு போகவில்லை. கண் சிமிட்டவில்லை. அந்தத் தலைகீழ் முகத்தில் கண்ணீர் மேல்நோக்கி ஓடியது.

நாற்காலியில் கோட்டு இல்லை.

சுவக்கீன் துணிக்குள்ளேயே நின்றான். வெளியே வந்தால்தான் பிளேட்டைப் போட முடியும். பிளேட்டைப் போட்டால்தான் படம். படம் இல்லாவிட்டால் அக்காவுக்கு வீடு இல்லை. இதை மட்டும் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தான். நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. லென்சை மூடிவிட்டு, குனிந்து பையிலிருந்து பிளேட்டை எடுத்தான். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் மாட்டிற்று. பிளேட்டின் மூடியை உருவினான். ரப்பர் பந்தைக் கையில் எடுத்தான். எதிரே ஐந்து முகங்கள். ஒன்றும் அசையவில்லை. அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

அவன் பின்கழுத்தில் புகையிலை மூச்சு பட்டது.

ஐந்து ஜோடிக் கண்களும் லென்சைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குச் சற்று மேலே பார்த்தன.

காதோரம் சொடுக்கு.

பந்து கையிலிருந்து நழுவியது. முழங்கால் மடங்கியது. எழுந்திருக்க நினைத்தான், கைகள் தரையில் ஊன்றி முன்னே நடந்தன. புல் ஈரம். நாற்காலி. நாய்கள். யாக்கோபு. அவருக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்தான். அவர் தோள் நடுங்குவது தன் தோளில் தெரிந்தது. பிறகு அந்த நடுக்கமும் நின்றது. மோவாய் தானாக நிமிர்ந்தது.

எதிரே அவன் கேமரா. அவன் விலக்கிவிட்டு வந்த கறுப்புத் துணி மெல்ல எழும்பியது. குனிந்த ஒரு முதுகின் வடிவத்துக்கு உப்பி நின்றது. அதற்குக் கீழே ஸ்டாண்டின் மூன்று கால்கள். வேறு கால் எதுவும் இல்லை.

புல்லில் கிடந்த ரப்பர் பந்து மேலே போயிற்று. துணியின் ஓரத்தில் நின்றது. அமுங்கியது.

லென்ஸ் திறந்தது.

மூடவில்லை.