எழுபதில் நின்ற முள்

"கால் வாட் ரெசிஸ்டரைக் குடுத்துட்டு அரை வாட்டுன்னு சொல்றீங்களே... இது ஏமாத்து இல்லையா?"

எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நின்ற அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏமாத்தா? அவளா?

மழைக்கு ஒதுங்கி நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சண்டைக்கு வந்த ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்கின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி, கவுண்டர் கண்ணாடியில் விழுந்தது. அவன் உள்ளங்கையில் எறும்பு நீளத்துக்கு ஒரு நீல ரெசிஸ்டர். பக்கத்தில் பழைய போர்டிலிருந்து கழற்றிய பழுப்பு ரெசிஸ்டர்... நல்ல குண்டு.

"சார், உங்களோடது கார்பன் ஃபிலிம். நான் குடுத்தது மெட்டல் ஃபிலிம். சூடு தாங்கும்... அதான் உடம்பு சின்னது."

"உருவத்தைப் பாத்துதான் வாட் சொல்லணும். பத்து வருஷமா நான்..."

"பத்து வருஷமா கார்பனையே பாத்திருக்கீங்க!"

யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது.

கடை முதலாளியான பெரியப்பா உள்ளேயிருந்து வந்தார். "கடைப் பேரு கெடுதும்மா. நாளைலேர்ந்து நீ உள்ள பேக்கிங் பாரு."

அடுத்த இடி! இந்தக் கவுண்டரில் நிற்க ஒரு வருடம் கெஞ்சியவள் அவள்.

"அரை வாட் ஏத்திப் பாப்போம், பெரியப்பா. ஒரு மணி நேரம். கருகினா நானே உள்ள போயிடறேன்."

நூறு ஓம் ரெசிஸ்டர். ஏழு வோல்ட் கொடுத்தாள்; கிட்டத்தட்ட அரை வாட். மீட்டரின் முள் எழுபது மில்லி ஆம்பியரில் நின்றது. ரெசிஸ்டர் கெட்டால் முள் நகர்ந்துவிடும்... அவள் வேலையும்தான்.

"எவ்ளோ?" என்றான் மெக்கானிக்.

"எழுபது."

எட்டிப் பார்த்தான். எழுபதுதான்.

"இப்போ?"

"எழுபதுங்க!"

நம்பாமல் ரெசிஸ்டரைத் தொட்டான். "ஆ...!"

"லூசா நீங்க?" சட்டென்று அவன் விரலைப் பிடித்து ஊதினாள். அடுத்த நொடி... ஐயோ, என்ன செய்துவிட்டேன்! கையை உதறிக்கொண்டாள். மழைத்துளி ஒட்டிய அவன் இமைகள் இமைக்க மறந்திருந்தன.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பெரியப்பா குனிந்து பார்த்தார். கருகவில்லை. முள் எழுபதில்.

"கவுண்டர்லயே நில்லு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

"தப்பு என்னோடது!" நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னான் மெக்கானிக். பிறகு குரல் தழைந்தது. "திட்டாதீங்க... கடைசி அரை மணி நேரம் நான் மீட்டரைப் பாக்கவே இல்ல. நீங்க சொன்ன எழுபதை அப்படியே நம்பிட்டேன்."

ஏமாத்து என்ற வாயா இது?

"அப்ப... எதைத்தான் பாத்தீங்க?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்களை. ரொம்பப் பிடிச்சுப் போச்சுங்க... நாளைக்கு எனக்கு எந்த ரெசிஸ்டரும் வேண்டாம். சும்மா வரலாமா... சொல்லுங்களேன்?"