ராவ்ந்துவின் வெறுங்கால்கள்

கைஸ்ரா நகருக்கு வெளியே, பாறையைக் குடைந்து அமைத்த குடும்பக் கல்லறைக்குள் அம்மாவுக்குப் பின்னால் இறங்கினாள் லார்த்தி. வெளியே உச்சி வெயில். உள்ளே ஈரமண் வாடை, பழைய எண்ணெய்ப் புகை. அக்கா ராவ்ந்து இறந்தபின் அவளுக்கு வைக்கும் முதல் படையல். அவள் சிலையில் வண்ணம் உதிர்ந்திருந்தால் சரிசெய்ய, அதைச் செய்த சிற்பி அவ்லேயும் கூட வந்திருந்தான்.

சவப்பெட்டியின் மூடிமேல் சுடுமண் உருவாக அக்கா சாய்ந்திருந்தாள். மெல்லிய மடிப்புகள் விழும் நீண்ட அங்கி, உடம்பைச் சுற்றிய மேலாடை, தலையில் கூம்புத் தொப்பி.

அம்மா விளக்கை உயர்த்தினாள். கை அப்படியே நின்றது.

"ஏண்டி... கால்ல செருப்பு எங்கடி?"

சிலையின் கால்கள் வெறுமையாக இருந்தன.

கல்லிலும் முள்ளிலும் வெகுதூரம் நடந்ததுபோல உள்ளங்கால்கள் வெடித்திருந்தன.

"செருப்போடதாம்மா செஞ்சேன்," அவ்லே சிலையின் காலருகே குனிந்தான். "நுனி வளைஞ்ச செவப்புச் செருப்பு. நானே சாயம் பூசினேன்."

அடக்கத்தன்று அக்காவுக்கு உடுத்திவிட்டவள் லார்த்திதான். அக்கா உயிரோடு இருந்தவரை தொடக்கூட விடாத நிஜச் சிவப்புக் காலணிகளைப் பிணத்தின் காலிலிருந்து கழற்றிக்கொண்டு, பாதங்களை அங்கியால் மூடிவிட்டாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

"நாந்தாம்மா கழட்டினேன்."

அம்மா அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த உலகத்துக்குப் போற வழி பூரா கல்லுடி. எம்புள்ள வெறுங்காலோட நடந்திருக்கா."

லார்த்தி வீட்டுக்கு ஓடினாள். காலணிகளை எடுத்துவந்து சிலையின் காலடியில் வைத்தாள். குளிர்ந்த மண்பாதத்தில் நெற்றியைப் பதித்து அழுதாள்.

"மன்னிச்சிடுக்கா. புத்தி கெட்டுப்போச்சு."

மனசு கேட்கவில்லை. மறுநாள் தனியாக வந்தாள்.

வைத்த காலணிகளைக் காணோம். சிலையின் கால்களில் சுடுமண் காலணிகள் இருந்தன, சிவப்புச் சாயம் பளபளக்க.

லார்த்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க விளக்கை உயர்த்தினாள்.

நேற்று மூடியின் நடுவில் சாய்ந்திருந்த அக்கா இன்று சுவரோரம் ஒதுங்கிப் படுத்திருந்தாள். மேலாடையின் ஒரு பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

சின்ன வயதில், குளிர் இரவுகளில், தங்கையைப் போர்வைக்குள் கூப்பிடும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடமிருந்தது.

லார்த்தி தொட்டுப் பார்த்தாள். அந்த இடத்து மண் மட்டும் சுடப்படாமல், இன்னோர் உருவம் வனையக் காத்திருப்பதுபோல ஈரமாக இருந்தது.